கீழ்த்தட்டில் இருந்த மிஷின் எண்ணெய்

என்னங்க,

தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. என் மேல் உள்ள கோபத்தை அதன் மேல் காட்டாதீர்கள்.

உங்கள் டூல் பாக்ஸின் மேல்தட்டை நான் அளவுவாரியாக அடுக்கியதற்கு, "இனிமே என் பெட்டியில கை வைக்காதே"ன்னு நேற்று அந்தக் கத்து கத்தினீர்கள். காலையில் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு ஒழுகியது. வேறு வழியில்லாமல் கை வைத்தேன். நான் அடுக்கிய தட்டில் எது எதற்கு என்று தெரியாமல் விழித்துவிட்டு, நான் தொடாத கீழ்த்தட்டைத் திறந்தேன். ஒரே தடுப்புக்குள் ஸ்பேனர், வாஷர், வெள்ளை டேப், கை துடைக்கத் துணிகூட! குழாய் வேலைக்கு வேண்டியதெல்லாம் ஒன்றாக. இப்படி அடுக்க யாருக்குங்க தோன்றும்? ஒழுகல் நின்றுவிட்டது.

மேல்தட்டை நீங்களே பழையபடி கலைத்துவிடுங்கள்.

பி.கு: பக்கத்துத் தடுப்பில் மிஷின் எண்ணெய், ஊசி, சின்ன பிரஷ். என் தையல் மிஷின் ராசியானது, ஒருநாளும் மக்கர் பண்ணாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேனே, ஒருநாளாவது வாயைத் திறந்தீர்களா?

எண்ணெய் தீரப்போகிறது. வரும்போது வாங்கி வருகிறேன்.