சூட்டோடு அடித்த தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

இங்கே ஒரு சின்ன கலாட்டா. நானும் வயதான அக்கா ஒருவரும் மாற்றி மாற்றி ஓட்டும் பள்ளி வேன், பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து உதறியது. மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் டிஸ்க் நெளிந்துவிட்டது என்றார். “ஓடி வந்த சூட்டோட யாரோ சக்கரத்துல தண்ணி அடிக்கிறாங்க.”

அது நான்தான், அம்மா. குழந்தைகள் ஏறும் வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று தினமும் வந்தவுடன் குழாயைப் பிடிப்பேன்.

முதலாளி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “வயசான காலத்துல வண்டியக் குளிப்பாட்டுறியா? நாளைலேர்ந்து வீட்ல நீ குளிச்சுக்கிட்டு இரு.”

“நான் வண்டியத் துடைக்கிறதுகூட இல்லைங்க” என்றார் அக்கா.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அப்ப நீயாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

அக்கா கணக்கு முடித்துப் போகும்போது என்னருகில் நின்றார். “இனிமே சக்கரம் ஆறினப்புறம் தண்ணி அடி. அடுத்த தடவ பழிய ஏத்துக்க நான் இருக்க மாட்டேன்.”

புது டிஸ்க் போட்டபின் வண்டியில் துளி உதறலில்லை. அவருடைய காலை ஓட்டமும் எனக்கே வந்துவிட்டது, வேலையும் நிரந்தரம். பாப்பாவைச் சீக்கிரமே என்னோடு அழைத்துக்கொள்ளலாம். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு வாங்கிவைக்கிறேன். அவள் தூங்கும்போது வரைந்துவிடு, இல்லாவிட்டால் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வாள்.

கண் சொருகுகிறது, விடிந்தால் ஓட்டம். அப்பாவிடம் வேலை நிரந்தரமானதை மட்டும் சொல்.

உன் மகள்