மெயிலில் எழுத முடியாத சேதி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. அங்கே குளிரும் படிப்பும் உன்னை ரொம்ப வாட்டாமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு மெயில் வந்த பிறகும் இந்த மனிதர் ஏன் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். மெயிலை இப்போது அம்மாதான் முதலில் திறக்கிறாள். நான் உனக்கு அனுப்பியதையும் ஒன்றுவிடாமல் படிக்கிறாள். அதனால்தான் இந்தக் காகிதம். பம்ப் ஹவுஸில், மோட்டார் ஓடுகிற சத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணினால் மேஜை ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

போன வாரம் எப்போது கூப்பிட்டாலும் லைன் எங்கேஜ்டாகவே இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டாயாமே. நாங்கள் யாரோடும் பேசவில்லை. கம்ப்யூட்டரை போன் லைனோடு சேர்க்கிற மோடம்தான் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இதில் நான் ஏன் இறங்கினேன் என்று சொல்கிறேன். நீ போனில் அம்மா அம்மா என்று கூப்பிடுவாய், அவள் ரிசீவரை நகத்தால் தட்டுவாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. துணிக்கடையில் ஒரு மீட்டர் கேட்டு வந்தவரை மூன்று மீட்டரோடு அனுப்பி வைத்த வாய் அது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்ததிலிருந்து இந்தத் தட்டலோடு நின்றுவிட்டது. நீ போனை வைத்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். இப்போது அவள் அழுதால் சத்தம் வருவதில்லை. ஆனாலும் குழாயைத் திறந்துவிடுகிற பழக்கம் போகவில்லை. வாயால் முடியாததைக் கையாலாவது பேசட்டும் என்றுதான் மோடம் கார்டு வாங்கிவந்தேன்.

கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால், விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுவிட்டுப் போன லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வேண்டாத சம்பந்தியைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைக்காரர் வந்து பார்த்தார். லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும் என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அம்மா ஓடிவந்து கம்ப்யூட்டர் மேல் கையை வைத்துக்கொண்டாள். சிலேட்டில், அவ வெச்சது வெச்சபடி இருக்கட்டும் என்று எழுதிக் காட்டினாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அப்புறம்தான் உன் சிநேகிதி குண்டூசியை வரச்சொன்னேன். இன்னும் அப்படியே ஒல்லியாகத்தான் இருக்கிறாள். கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்பா, இது அரை மோடம், மீதி வேலையை விண்டோஸ்தான் செய்யும், லினக்ஸுக்கு இது வெறும் தகடு என்றாள். மறுநாள் அவள் ஆபீசில் ஒதுக்கிப் போட்டிருந்த மோடம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். முகத்தில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள், கம்ப்யூட்டரின் முதுகில் சீரியல் போர்ட்டில் செருகுவது. இதை லினக்ஸ் உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் டயல் செய்யச் சொன்னால், டயல் டோன் இல்லை என்று திரும்பத் திரும்ப அடம் பிடித்தது. ரிசீவரை எடுத்தால் எனக்கு நன்றாகவே கேட்கிறது, அதற்குக் கேட்கவில்லையாம். நம் ஊர் டோன் அதற்குப் புரியாத டோன் என்றாள். டோனுக்குக் காத்திருக்காமல் நேராக நம்பரைச் சுழற்று என்று ஏதோ ஒரு கட்டளையைச் சேர்த்தாள். நானும் வேண்டாத தெய்வமில்லை.

திடீரென்று மோடம் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. கரகரப்பு, விசில், இருமல், எல்லாம் கலந்த ஒரு சத்தம். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள். சிலேட்டை எடுத்து, இதுக்கும் தொண்டையில ஆபரேஷனா என்று எழுதினாள். குண்டூசிக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அம்மாவின் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகிவிட்டது.

நல்ல சேதி இவ்வளவுதான் பாப்பா.

அதற்கு முந்தின வாரம் செக்கப்புக்குப் போயிருந்தோம். டாக்டர் அம்மாவை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரச் சொன்னார். கழுத்தின் இடது பக்கம் மறுபடியும் கட்டி வந்திருக்கிறதாம். நெஞ்சுப் படத்திலும் ஏதோ தெரிகிறதாம். திரும்பவும் கத்தி வைக்க வேண்டுமா என்று கேட்டேன். இனிமேல் அவர்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மாத்திரையை மாற்றியிருக்கிறார் என்றேன். சிலேட்டை எடுக்கக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் மெயில் எழுதிய அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால், தேடித் தேடி அடித்தாள். உனக்கு வந்தது என்ன? நான் நலம், காயம் ஆறிவிட்டது, பரீட்சை முடியாமல் வராதே. அவள் முதலில் அடித்தது அது இல்லை. எப்போ வருவே, எனக்கு உன்னைப் பார்க்கணும் என்று அடித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பரீட்சையைத் தள்ளி எழுத முடியுமா என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பார். முடியாது என்றாலும் பரவாயில்லை. படிப்பை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. லீவு கிடைத்தது என்று சொல், அவள் நம்புகிற மாதிரி இருந்துவிடுவாள்.

வருகிற தேதியை எனக்குத் தபாலில் எழுத வேண்டாம். மெயிலில் எழுது. அம்மாவே திறந்து படிக்கட்டும்.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. பத்திரமாக வந்து சேர் பாப்பா, சீக்கிரம்.

உன் வழி பார்த்திருக்கும்,
அப்பா