மதியம் சாப்பிடப் போகும் கரண்ட்

மார்ச் 3, திங்கள்
ஐஸ் தொழிற்சாலைக்கு இன்று முன்பணம் கொடுத்துவிட்டேன். பதினான்காம் தேதி பத்திரம். பன்னிரண்டு வருடம் அடுத்தவர் ஐஸை வாங்கி வண்டியில் வைத்து விற்றவள். இனி விற்பது என் ஐஸ். இன்னொரு மெஷின் போட்டால்தான் கட்டுப்படியாகும். அதற்கு இருபது ஆம்பியர் வேண்டும். இடத்துக்கு அனுமதி எண்பது. “எல்லாம் சேர்த்து அம்பதைத் தாண்டாதும்மா” என்றார் விற்பவர். இடம் தாராளம்.

மார்ச் 4
தாண்டியிருக்கிறது. நமக்கு வழக்கமாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போனேன். நண்டுக் கொடுக்கு மாதிரி வயரைக் கவ்வும் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெயின் பெட்டிக்குள் போவது அறுபத்தொன்று. பெட்டியிலிருந்து பிரிந்து போவதில் கம்ப்ரசர் முப்பத்தெட்டு, பம்ப் ஒன்பது, விளக்கு இரண்டு. ஆக நாற்பத்தொன்பது. மீதிப் பன்னிரண்டு?

“மீட்டர் பழசா இருக்கும்” என்றார் விற்பவர்.

“போன மாசம் வாங்கினதுங்க” என்றார் எலக்ட்ரீஷியன். வெளியே வந்து என்னிடம், “அக்கா, மோட்டார் ஓடுற எடத்துல பிரிவையெல்லாம் கூட்டினா மெயினைவிடக் கொஞ்சம் கூட வரலாம். குறைய வராது.”

அது போதும் எனக்கு. பெட்டிக்குள் அறுபத்தொன்று போனால் அறுபத்தொன்றும் வெளியே வந்தாக வேண்டும். நடுவில் தங்க அங்கே இடமில்லை. அந்தப் பன்னிரண்டு போகிற வயரை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு போனால் எனக்கு மிச்சம் பத்தொன்பது. மெஷின் ஓடாது.

மார்ச் 5
“பன்னெண்டுதானே, விட்டுத் தள்ளு” என்கிறார் வீட்டுக்காரர். வண்டி தள்ளியது நான்தானே.

மார்ச் 6
காலை பத்து மணிக்கு வித்தியாசம் பன்னிரண்டு. மதியம் ஒன்றேகாலுக்குப் பூஜ்யம். மூன்று மணிக்கு மறுபடி பன்னிரண்டு. இந்தக் கரண்ட் மதியம் சாப்பிடப் போகிறது! கசிவாக இருந்தால் அதற்கு ஏது பசி? இந்த வயரின் மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு
ஐஸ் மெஷின் ஓடுகிறது. வித்தியாசம் பூஜ்யம். ஆளுக்கு ஞாயிறு லீவு.

மார்ச் 10
பின்சந்தில் நடந்தேன். தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஒரு சலவைக்கடை. நீராவி இஸ்திரி, கொதிகலன். ஒரு மணிக்கு இரண்டையும் அணைத்துவிட்டு கடை நடத்தும் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்தார். சுவரிலிருந்து ஒரு தடித்த வயர் நேராக உள்ளே வருகிறது. கடையில் மீட்டரே இல்லை.

“ஏது கரண்ட்?” என்றேன்.

“எங்க அண்ணனோடது. அப்பா சொத்துல என் பங்குக்குன்னு அண்ணன் குடுத்தது இந்த ஒயர் ஒண்ணுதான். நீ கடை நடத்துற வரைக்கும் கரண்ட் உனக்கு, வேற எதுவும் கேக்காதேன்னாரு.”

“பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களா?”

“யாரும் கேக்கலியே. நீங்க யாரு?”

“உங்க அண்ணன் எடத்த வாங்கப்போறவ.”

கையிலிருந்த சோற்றை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டார். “விக்கிறாரா?”

கையெழுத்துப் போடாத பங்குக்காரி ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கா, நான் பாட்டுக்கு முன்பணத்தக் குடுத்துட்டு வந்திருக்கேன்! எனக்கு எங்கே போச்சு புத்தி? ஆம்பியரைக் கூட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால் — வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

மார்ச் 11
விற்பவரிடம் சுற்றி வளைக்கவில்லை. “அண்ணே, அந்தப் பன்னெண்டு உங்க தங்கச்சி கடைக்குப் போகுது.”

“அவ ஒண்ணும் சொல்லமாட்டா.”

“பத்திரம் முடிஞ்சா அது என் ஒயர். நான் புடுங்கினா அப்பவும் சொல்லமாட்டாங்களா?”

போய்ப் பம்பை அணைத்துவிட்டு வந்தார். “கேட்டா பாதி கேப்பாளோன்னு பயம்மா.”

“கேட்டுத்தான் பாருங்களேன்.”

மார்ச் 13
கேட்டார். அந்த அம்மா பாதி கேட்கவில்லை. மூவரும் சலவைக்கடை மேஜையிலேயே பேசி முடித்தோம். விலை நாற்பத்திரண்டு லட்சம் என்றிருந்தது நாற்பதானது. அதில் பத்து லட்சம் நேராகத் தங்கை கைக்கு; பத்திரத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. கடைக்குப் புது மீட்டர் அண்ணன் செலவு. அது வரும்வரை பழைய வயரை நான் தொடுவதில்லை. அந்தப் பன்னிரண்டு ஆம்பியர் என் பொறுப்பு, இரண்டாவது மெஷின் காத்திருக்கும்.