பச்சைக் கோன்

29-9-2009, செவ்வாய்

ஆயுத பூஜைக் குங்குமம் மெஷின்களில் இன்னும் அழியவில்லை, அதற்குள் எம்.டி. அறையில் ஆக்னஸுக்குத் தனி மரியாதை. பட்டான்செரு ஸ்பின்னிங் மில் லேபில் பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சையும் நூலையும் சோதிப்பவள் நான். போன வருஷம் கோவில்பட்டியிலிருந்து வந்தவள் அவள். எந்தப் பஞ்சை எதோடு கலப்பது என்று தற்காலிகமாக அவள்தான் முடிவு செய்கிறாள். தீபாவளி கழிந்ததும் மிக்ஸிங் மேனேஜர் பதவி யாருக்கோ நிரந்தரமாகும். யாருக்கோ என்ன, அவளுக்குத்தான். வயிறு எரிகிறது.

3-10-2009, சனி

கர்னூலில் வெள்ளம். நமக்குப் பஞ்சு வரும் ஊர்களெல்லாம் தண்ணீருக்குள். மொட்டைமாடியில் நின்று கையசைப்பவர்களை டிவியில் காட்டினார்கள். வெடித்த காயெல்லாம் செடியிலேயே அழுகிவிடும். மனசு பதறியது. கூடவே, இனி ஆக்னஸ் என்ன செய்வாள் என்றும் தோன்றியது. சீ, என்ன பெண் நான்?

7-10-2009

என்ன செய்வாளா? குஜராத்தில் யாரையோ பிடித்து மூன்று லாரி பஞ்சு வரவழைத்துவிட்டாள்! மில் நிற்காமல் காப்பாற்றினாளாம், எம்.டி. எல்லார் முன்னாலும் கை தட்டினார். நானும் தட்டினேன். வீட்டில் பருப்பைத் தீய்த்தேன். “பருப்பு மேலயாம்மா இவ்ளோ கோபம்?” என்றாள் ஹர்ஷிதா. பெற்ற பெண்ணிடம் என்ன சொல்ல?

8-10-2009, வியாழன்

குஜராத் பஞ்சு நல்ல பஞ்சுதான். நிறம் மட்டும் கொஞ்சம் மஞ்சள். கண்ணுக்குத் தெரியாது, சாயம் போட்டால் தெரியும். அதனால்தான் பஞ்சு மாறினால் நூல் சுற்றும் பேப்பர் கோனின் நிறத்தையும் மாற்றுவோம். இரண்டு நூலும் ஒரே துணியில் கலந்துவிடக் கூடாது. பச்சை போய் ரோஸ் வந்திருக்க வேண்டும். மாற்றச் சொல்ல வேண்டியவள் ஆக்னஸ். மூன்று ஷிஃப்டும் மில்லிலேயே கிடக்கிறாள், மறந்துவிட்டாள்.

மதியம் பார்த்தேன் — புதுப் பஞ்சு, பச்சைக் கோன். போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். அது அவ வேலை. நான் எதுக்குச் சொல்லணும்? எனக்குன்னு யாராவது எதையாவது சொல்லியிருக்காங்களா?

9-10-2009

இன்றும் பச்சை.

10-10-2009

திருப்பூருக்கு லாரி கிளம்பிவிட்டது. இப்போதும் சொல்லலாம். சொல்லலாம்தான்.

26-10-2009, திங்கள்

திருப்பூரிலிருந்து போன். நீலச் சாயம் போட்ட பனியன் துணி முழுக்க வரி வரியாக இருக்கிறதாம். எம்.டி. கத்தியது கேன்டீன் வரை கேட்டது. ஆக்னஸ் மழுப்பவில்லை. “நான்தான் சார் மறந்துட்டேன்.” அழக்கூட இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார். “வசந்தி, லேப்ல நீங்க பாக்கலையா?”

“இல்ல சார்.”

நாக்கு கொஞ்சமும் கூசவில்லையே எனக்கு!

9-11-2009

மேனேஜர் நாற்காலியில் எனக்கு இது இரண்டாவது வாரம். ஆக்னஸ் பழையபடி ஷிஃப்டில். கர்னூல் பக்கம் தப்பிப் பிழைத்த வயல்களிலிருந்து பஞ்சு வரத் தொடங்கிவிட்டது. நாளை மிக்ஸிங் மாறுகிறது. காலையிலேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் ஆக்னஸ் கதவைத் தட்டினாள். கையில் ஒரு மஞ்சள் கோன்.

“அக்கா, நாளைக்குப் பஞ்சு மாறுதுல்லா? கோன் கலர் எழுதாம விட்டுட்டீங்க. மஞ்சள் போடச் சொல்லிரட்டுமா?”

தலையை மட்டும் ஆட்டினேன். கோனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும்.

நாற்காலி என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் அவள்மேல்தான் பொறாமையாக இருக்கிறது.