பாரமான கடிதங்கள்

2007 பெப்ரவரி 12, திங்கள்

காலையில் தூறல். வாடைக்காற்று இன்னும் விட்டபாடில்லை. ஆமிச் சென்றியில் முக்கால் மணி நேரம், கைப்பை இரண்டு தரம் கொட்டிக் காட்டியாயிற்று.

கந்தோரில் புது வில்லங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் இங்கே வர இடம் கேட்டு ஆட்கள் எழுதும் மின்னஞ்சல்கள். முன்பு ஒரு பொத்தான் இருந்தது, பிளகின். அழுத்தினால் கடிதம் தானாகக் கோப்பு மென்பொருளுக்குள் போய்விடும், பெயர் திகதி எல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். அதை இனிப் பராமரிக்கமாட்டோம் என்று கம்பனி கைவிட்டுவிட்டது. டிசம்பரிலிருந்து வேலை செய்யவில்லை. குவிந்து கிடப்பது 412.

இனி எல்லாம் கையால். சேமி, இலக்கம் போடு, இழுத்து மென்பொருளுக்குள் விடு, பெட்டிகளை நிரப்பு. வெள்ளிக்குள் முடிய வேண்டும். அன்று அந்த மென்பொருள்தான் திகதி வரிசையில் பட்டியல் எடுக்கும். முதல் எழுதியவருக்கு முதல் இடம். வருகிற கப்பலில் எங்கள் பங்கு முப்பது பேர்.

மனேஜர் பாதியை எனக்கும் பாதியைச் சுகந்திக்கும் (இனி சு.) தந்தார். சு. பின்னேரம் வரை ஏற்றியது ஒன்பது. ஒவ்வொன்றையும் திறந்து வாசிக்கிறாள், வாசித்துக் கண் துடைக்கிறாள்.

"கடிதம் வாசிக்கவோ உனக்குச் சம்பளம்?" என்றேன்.

"பாவம் அக்கா, ஒவ்வொண்டும் ஒவ்வொரு கதை."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். அவளுடைய பாதியையும் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். இந்தக் கந்தோரில் என்னைவிட வேகமான கை கிடையாது.

வாங்க: மெழுகுதிரி, பல்லிடிக்கு ஏதாவது, குடைக்கம்பி.

13, செவ்வாய்

வெயில். 121 ஏற்றினேன். மனேஜர் வந்து எட்டிப் பார்த்து "மெஷின்தான்" என்றார். மனம் குளிர்ந்தது, மறைப்பானேன்.

ஒரு தொல்லை. சில கடிதங்களில் படங்கள் செருகியிருக்கின்றன. ஆஸ்பத்திரித் துண்டு, எக்ஸ்ரே, டொக்டர் எழுதியது. ஒன்று ஏற ஐந்து நிமிடம். எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி வைத்தேன். 'பாரம்' என்று பெயர். வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

சு. தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பான்ர கடிதம் ஏத்தியாச்சோ அக்கா?"

"ஏறும்."

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில். இரண்டு சிறுநீரகமும் பழுது. கொழும்புக்குக் கொண்டுபோனால்தான் உயிர், கப்பலை விட்டால் வழியில்லை. பாதை பூட்டி மாதக்கணக்கு. டிசம்பர் நாலாம் திகதி அவள் தம்பி எழுதியிருக்கிறான். பட்டியலில் எப்படியும் முதல் பத்துக்குள் வருவார் என்று விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறாள்.

15, வியாழன்

நேற்று எழுதவில்லை. தலையிடி.

இரவெல்லாம் ஷெல் சத்தம். காலையில் துறைமுக வீதி பத்து மணி வரை பூட்டு. பேக்கரியில் பாண் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்: "ஆர் செத்தாலும் பாண் எட்டு மணிக்கு வரோணும்." ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

97. கரண்ட் இரண்டு தரம் போனது.

16, வெள்ளி

மிச்சம் பாரக் கடிதங்கள் மட்டும். 64. சு.வின் கணினி புதிது, வேகம் கூட. அவளை எழுப்பிவிட்டு அவள் கதிரையில் உட்கார்ந்தேன். மத்தியானம் சாப்பிடப் போகும்போது அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், "இலக்கத்தைப் பார், இழுத்துப் போடு. ஒரு பெட்டி வரும், சரி எண்டதை அமத்து. திறந்து வாசிச்சுக்கொண்டு நிண்டாய் எண்டால் தெரியும்." திரும்பி வர இருபதைப் போட்டிருந்தாள். ஒன்றும் வாசிக்கவில்லை.

அவள் அப்பாவின் கடிதம் நாலு மணிக்கு. நான்தான் போட்டேன். பெயரைப் பார்த்தேன், சரி, போயிற்று.

ஐந்து மணிக்கு முடிந்தது. மனேஜர் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார். பட்டியல் எடுத்து, பயண அனுமதிக்கு ஆமி முகாமுக்கு அனுப்பியாயிற்று.

17, சனி

அரை நாள். பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். சு. முதல் தாளில் விரல் வைத்து இறங்கினாள். இரண்டாம் தாள். பிறகு எல்லாத் தாளும்.

"அக்கா, அப்பா முன்னூத்தித் தொண்ணூறாவது ஆள்."

"விசர்க்கதை."

"டிசம்பர்ல போட்ட கடிதம். இதில பெப்ரவரி பதினாறு எண்டு கிடக்கு."

போய்ப் பார்த்தேன். அவருக்கு மட்டுமில்லை. எல்லாக் கடிதத்துக்கும் இந்தக் கிழமைத் திகதிதான். கொழும்பில் கணினி பார்க்கும் நிஸாமுக்குப் போன் அடித்தேன். தோப்பூர் ஆள், பொறுமையாகக் கதைப்பார்.

"இழுத்துப் போடேக்க வாற பெட்டியில திகதி இருக்குமே, அதை மாத்தினீங்களா?"

"அதில ஏற்கனவே ஒரு திகதி இருந்தது."

"அது இண்டைய திகதி, தங்கச்சி. பழைய பிளகின் கடிதத்திண்ட திகதிய எடுக்கும். கையால போட்டா, போடுற நாள்தான் விழும். நாங்கதான் மாத்தணும்."

பெட்டி நிரம்பியிருந்தது. நிரம்பிய பெட்டியை யார் பார்ப்பார்கள்? அமத்தினேன். நானூறு தரம் அமத்தினேன்.

வீட்டுக்கு வந்துதான் முழுதாக விளங்கியது. நான் ஏற்றிய வரிசைதான் பட்டியல். படம் இருந்தவையெல்லாம் கடைசி. படம் வைத்தவர்கள் எல்லோரும் நோயாளிகள். ஒருவர் விடாமல்.

19, திங்கள்

மனேஜரிடம் திகதிப் பிழையைச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"முகாமுக்குப் போன பட்டியலை மாத்தினால் திரும்ப முழுப்பேரையும் சோதிப்பினம். முப்பது பேரும் கப்பல் ஏறாமல் நிப்பினம். அடுத்த கப்பலுக்குப் பாப்பம்."

"அடுத்தது எப்ப சேர்?"

"கடலைத்தான் கேக்கோணும்."

சு.விடம், மென்பொருள் செய்த பிழை என்று அவரே சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். "நீங்கள் என்ன செய்வியள் அக்கா, நாலு நாளாத் தின்னாமல் குடியாமல் இருந்து ஏத்தினனீங்கள்."

தின்றேன். ரோல்ஸ் இரண்டு.

21, புதன்

கப்பல் வந்தது. கந்தோர் யன்னலால் பார்த்தேன். எங்கள் முப்பதும் இறங்கிற்று. கலியாணத்துக்கு வந்தவர்கள் ஏழு பேர், பட்டுச்சீலைப் பெட்டியோடு. பாஸ்போட் எடுக்க வந்த ஒருவர். சோதனை எழுத வந்த பெட்டைப்பிள்ளைகள். இவர்கள் கடிதங்களை எனக்கு நினைவிருக்கிறது. நாலு வரி, படம் இல்லை, ஒரு நொடியில் ஏறியவை. நல்ல சுகமான ஆட்கள். பெட்டிகளைத் தாங்களே தூக்கினார்கள்.

சு. தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவரிடமும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனீர்களா என்று கேட்டாள்.

பல்லிடி. கிராம்பு வைத்தேன்.

24, சனி

சு. வரவில்லை. அப்பா வியாழன் போய்விட்டார். தம்பியின் அழைப்பு நேற்று இரவுதான் கிடைத்ததாம். போகவும் வழியில்லை. செத்த வீட்டுக்கு யார் கப்பலில் இடம் கொடுப்பார்கள்?

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஒரு நோயாளியின் மகன் கனடாவிலிருந்து கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு முறைப்பாடு எழுதிவிட்டான். திகதியை மாற்றாமல் ஏற்றியது யார், அவர்களுக்குப் பெயர் வேண்டுமாம்.

"பாரக் கடிதம் எல்லாத்திலயும் சுகந்தின்ர பேர்தான் விழுந்து கிடக்கு" என்றார்.

அவளுடைய கணினி. அவளுடைய பெயர்தான் விழும். சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. இருபது வருட வேலை, வேறு வேலை யார் தருவார்கள், வீட்டில் அம்மா. சொல்லவில்லை. நான் நல்லவள் இல்லை, இதையாவது இங்கே எழுதி வைக்கிறேன்.

28, புதன்

மப்பு. மழை இல்லை.

சு. வேலைக்கு வந்தாள். வெள்ளைச் சீலை. மனேஜர் பதிவைக் காட்டி, விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். என் மேசைக்கு வந்து, வெறும் தாளோடு எதிர்க் கதிரையில் இருந்தாள். அழவில்லை.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் சாப்பிடப் போகேக்க நான் இருபது இழுத்துப் போட்டனான். திகதி பாக்கேல்ல. திறந்தும் பாக்கேல்ல."

"ஓம்."

"அதுக்குள்ள அப்பான்ரயும் இருந்ததோ?"

அவள் முகத்தைப் பார்க்காமல், இருந்திருக்கும் என்றேன்.