மெலனி வீட்டு ஒன்பதாம் நாள்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்

அன்புள்ள மகள் துவாரகாவுக்கு அம்மா எழுதுவது. மெல்பேர்ணில் நீயும் மருமகனும் சுகமாக இருக்கவேண்டுமென்று முருகனைக் கும்பிட்டுத்தான் தொடங்குகிறேன். நாங்களும் சுகம் என்று நாலு மாதமாக ஃபோனில் சொல்லி வந்தேன், அது பொய் பிள்ளை. எனக்கு மார்பில் கான்சர். அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது, அதனால்தான் கடிதம். முதலில் முழுக்க வாசி, பிறகு அழு. கட்டி சின்னது, ஆறு தரம் மருந்து ஏற்றவேண்டும், நாலு முடிந்துவிட்டது. தலைமயிர் போய்விட்டது, அதுதான் ஃபோனில் கமராவை நிறுத்திவிட்டு, இன்ரநெற் சரியில்லை என்று பழி போட்டேன்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கதிரையில் மருந்து ஏற்றுகிறவள் மெலனி, பிலிப்பைன்ஸ்காரி. அவளுக்கும் இதே வருத்தம். மொட்டைத் தலையோடு படம் எடுத்துச் சொந்தம் முழுக்க அனுப்பியிருக்கிறாள். மடியில் குழந்தை யேசு சிலையை வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடவுள் பார்ப்பார் என்று சிரிப்பாள். இஞ்சி போட்ட கோழிக்கஞ்சி எனக்கும் கொண்டுவருவாள், வெள்ளிக்கிழமை என்றாலும் விடமாட்டாள். இவ்வளவு கதைக்கிறவள் ஊரிலுள்ள தாய்க்கு மட்டும் சொல்லவில்லை, மனுசி தாங்கமாட்டாவாம். அதைக் கேட்டபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. போன கிழமை அவள் வீட்டில் ஒன்பது நாள் செபம், கடைசி நாள் என்னையும் கூப்பிட்டாள். நாங்கள் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்வோம், வருத்தத்தின் பேரைச் சொல்வோமா? அவளோ வருத்தக்காரருக்கான செபத்தில் எழும்பி நின்று, மீனாம்பிகை, மார்பில் கான்சர் என்று சத்தமாக வாசித்தாள், பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து மறுமொழி சொன்னார்கள். அந்தப் பெண்களுக்குள் மட்டக்களப்புப் பிலோமினம்மாவும் இருந்தா, இனி எங்கள் சனம் முழுக்கத் தெரிந்துவிடும். எனக்கு வந்த கோபத்தில் சப்பாத்துக் கயிறு கூடக் கட்டாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பிலோமினம்மா வீட்டுக்கே வந்தா. ஏசத்தான் இருந்தேன். உன் பெரியம்மா, என் அக்கா சிவநேசத்தோடு தையல் ஃபக்டரியில் வேலை செய்தவ அல்லவா, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிவநேசத்துக்கும் இதுதானே மீனா, ஏன் இன்னும் ஒளிக்கிறியள்" என்றா. பெரியம்மா நாற்பத்தொரு வயதில் வயிற்று வருத்தத்தில் போனா என்றுதான் உனக்குத் தெரியும். அது வயிறில்லை. பெண்பிள்ளைகள் இருக்கிற குடும்பம், கலியாணம் குழம்பும் என்று கட்டிய கதை, நானும் சேர்ந்து கட்டினேன். சொல்லிச் சொல்லிப் பழகியதில், ஆஸ்பத்திரியில் முதல் நாள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோதும் என் வாய் தானாக இல்லை என்றது. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் உடனே கேட்டது, மகள் இருக்கிறாளா, என்ன வயது என்று. முப்பத்துநாலு என்று சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வந்தது. என்னுடைய வருத்தத்துக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. உன்னிடமிருந்து நாலு மாதத்தை நான் எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

மெலனியோடு இப்போது கோபமில்லை. நீங்கள் இருவரும் நீடூழி வாழவேண்டும், முருகன் துணை. மறக்காமல் இது கிடைத்த கிழமையே டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பார்கள். ஓம், பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் என்று சொல்லு.

உன் அம்மா
மீனாம்பிகை