வலது காலை ஊன்றாத கோடுகள்

இன்று ஆசிரியர் அறையில் யாரோ தைலப் புட்டியைத் திறந்தார்கள். அந்த நெடி பட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

திருச்சுழிப் பக்கத்துக் கோயில் பொங்கல்களில் நீ கரகம் ஆடுவாய். பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நான், மைக்செட் பெட்டி மேல் உட்கார்ந்து உன்னை வரைவேன். தாளைக் குனிந்து பார்த்தால் அசைவு போய்விடும். கண் உன் மேல், கை தன் பாட்டுக்கு. குடத்திலிருந்து தரைக்கு ஒரு கோடு, பிறகு இடுப்பின் சாய்வு, கடைசியில் பாரம் தாங்கும் கால். முகத்துக்கு நேரமே கிடைக்காது.

"கோழி கிண்டுன மாதிரி இருக்குடி. என் மூஞ்சி எங்க?"

"நீ நின்னாத்தானே வரைய?"

"நின்னா எவன் பாப்பான்?"

கடைசிப் பங்குனியில் என் படங்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்தன. என் கைதான் தப்பு என்று வேறு தாள் எடுத்தேன். அதிலும் அப்படியே. உன் வலது கால் தரையைத் தொட்டவுடன் எழும்பிக்கொண்டிருந்தது. குடம் மட்டும் அசையவில்லை. ஊரே குடத்தைத்தான் பார்த்தது.

ஆட்டம் முடிந்ததும், உங்கள் குழு வந்த வேனுக்குப் பின்னால் நீ தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"வலது கால ஏன் ஊன மாட்டேங்குற?"

"மேளக்காரருக்கே தெரியல, உனக்கு எப்படிடி தெரிஞ்சுச்சு?"

தாள்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "ஆட வாரேன்னு இன்னும் மூணு ஊருல வெத்தல வாங்கிட்டேன். சாமி காரியம். வைகாசி முடியட்டும், மதுரைக்குப் போவம்."

சண்டை போட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

வைகாசி முடிந்து போனோம். தொடை எலும்பில் புற்று. நெஞ்சு வரை பரவியிருந்தது. "முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டர், உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

படுக்கையில் ஒரு மத்தியானம், "இப்ப மூஞ்சிய வரை. இனி எங்க ஓடப் போறேன்?" என்றாய். முதல்முறையாக எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. கண், கன்னத்து எலும்பு, காய்ந்த உதடு, எல்லாம் சரியாக அமைந்தன. வாங்கிப் பார்த்தாய்.

"இது யாருடி?"

கிழிக்கச் சொன்னாய். கிழித்தேன்.

இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்பதுதான் முதலில் தெரிகிறது. நேற்று பந்தல்குடி நிறுத்தத்தில் ஒரு பூக்காரி, முழுப் பாரமும் இடது காலில்.

"எப்ப இருந்து வலிக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

முழித்தாள். "சும்மா பிடிப்புக்கா. முகூர்த்தமெல்லாம் முடியட்டும், பாத்துக்கிருவேன். உங்க பஸ்ஸு வந்துருச்சு, ஏறுங்க."

நான் ஏறவில்லை.